ஆய்வுக்கு ஒரு கணக்கு, மேடைக்கு ஒரு கணக்கு: தறிப்பகுதிக் கல்லூரி ஒன்றின் மனித உரிமை நிதி குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஈரோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம், பவானி என்று காவிரியின் இரு கரைகளிலும் நீளும் தறிப்பகுதியில் அரசு உதவி பெறும் தன்னாட்சிக் கல்லூரி ஒன்று உள்ளது. அங்கே மனித உரிமை ஆய்வுக்கும் அதையொட்டிய வளாக நிகழ்ச்சிகளுக்கும் நிதி தேடி, பெற்று, செலவிட்டு, கணக்கு ஒப்படைத்த மூன்று கல்வியாண்டு நடவடிக்கைகளை இக்குறிப்பு பதிவு செய்கிறது. கல்லூரியின் பெயரும் சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன. தறித் தொழிலாளர் குடும்பங்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. இதை எழுதும் நான் அந்த ஆண்டுகளில் கல்லூரியின் ஆய்வுக் குழுவில் உறுப்பினராக இருந்தேன்.

மஞ்சள் மண்டியும் ஜவுளிக் கடையும் தறியும் கொடுத்த பணத்தில் எழுந்த கல்லூரி இது. நிர்வாகக் குழுவில் தறிப்பட்டறை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு நெடுங்காலமாக இடமுண்டு. வகுப்பறையிலோ பட்டறை உரிமையாளரின் மகளும், அதே பட்டறையில் இரவுத் தறி ஓட்டுபவரின் மகனும் அடுத்தடுத்த பெஞ்சில் அமர்ந்து படிக்கிறார்கள். தறித் தொழிலாளர் உரிமை பற்றி இங்கே ஆய்வு செய்வதென்றால், பணம் தருபவரும் ஆய்வுக்கு உள்ளாகிறவரும் ஆய்வு செய்பவரும் ஒரே ஊர்க்காரர்களாக, பல சமயம் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கக் கூடியவர்களாக இருப்பார்கள். இந்நிகழ்வில் எழுந்த சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த நெருக்கத்திலிருந்து பிறந்தவையே.

கல்லூரியில் மனித உரிமைக் கல்வி மன்றம் புதிதல்ல. பல்கலைக்கழக மானியக் குழு மனித உரிமைக் கல்விக்கு வழங்கிய திட்ட நிதியில் ஒரு காலத்தில் சான்றிதழ்ப் படிப்பும் ஆண்டுக் கருத்தரங்கும் நடந்தன. பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் 2017 மார்ச்சில் முடிந்த பிறகு எங்கள் கல்லூரிக்கு அந்த வழியில் தொகை வரவில்லை. அதற்குப் பின் டிசம்பர் 10 அன்று உறுதிமொழி, ஒரு கட்டுரைப் போட்டி, ஒரு குழுப் படம் என்ற அளவுக்கு மன்றம் சுருங்கிப் போனது. தர மதிப்பீட்டுக்கான ஆவணக் கோப்பில் அந்தப் படம் ஆண்டுதோறும் சேர்ந்தது. தறியோட்டியின் பிள்ளைக்கு அதனால் ஒரு பயனும் இருந்ததாகச் சொல்ல முடியாது.

இந்த நிலையில் வரலாற்றுத் துறைப் பேராசிரியை ஒருவரும் சமூகப்பணித் துறையின் இளம் உதவிப் பேராசிரியர் ஒருவரும் ஓர் ஆய்வு முன்மொழிவோடு ஆய்வுக் குழுவை அணுகினார்கள். விசைத்தறிகளில் வேலைக்குச் சேரும்போது பெறும் முன்பணம், அதாவது இப்பகுதியில் எல்லோரும் பாக்கி என்று சொல்லும் கடன், தொழிலாளி வேறு பட்டறைக்கு மாறும் சுதந்திரத்தை எவ்வாறு பாதிக்கிறது என்பதே ஆய்வுப் பொருள்.

பொருளின் சட்டப் பின்புலம் வலுவானது. கட்டாய உழைப்பை அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு தடை செய்கிறது. குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என்று தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982-இல் கூறியது. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டப்படி, முன்பணத்தின் காரணமாக வேலை மாறும் உரிமையை ஒருவர் இழந்தாலே போதும். பூட்டி வைத்திருக்க வேண்டும் என்பதில்லை. கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், அது அப்படியல்ல என்று நிறுவும் பொறுப்பைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு கடன் கொடுத்தவர் மீது வைக்கிறது. இச்சட்டத்தின் செயலாக்கத்தைக் கண்காணிக்கும் பணியை 1997 நவம்பரில் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் உச்ச நீதிமன்றம் ஒப்படைத்ததும் தமிழ்நாட்டைப் பற்றிய ஒரு பொதுநல வழக்கில்தான். இவ்வளவும் ஏட்டில் இருந்தும், எங்கள் வாசலில் ஓடும் தறிகளைப் பற்றிக் கல்லூரி ஒரு பக்கம்கூட எழுதியதில்லை என்று பேராசிரியை குழுவில் சொன்னபோது யாராலும் மறுக்க முடியவில்லை.

நிதி வந்த மூன்று வழிகள்

முதலாவது, சமூக அறிவியல் ஆய்வுகளுக்கு மத்திய அரசு நிதியில் உதவும் அமைப்பு ஒன்று. ஆய்வுப் பொருளில் அது தலையிடுவதில்லை. ஆனால் தொகை தவணைகளாக வரும். முன் தவணைக்கு 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளில் உள்ள 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தால்தான் அடுத்தது நகரும். வங்கியில் இருக்கும்போது சேர்ந்த வட்டியைக்கூட அரசுக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். இந்த நிதியில் பதாகையும் பட்டிமன்றமும் வைக்க முடியாது. ஆய்வுக்கு மட்டுமே செலவிடலாம்.

இரண்டாவது, உள்ளூர் ஜவுளித் தொழில் சார்ந்த அறக்கட்டளை ஒன்று. மனித உரிமை ஆய்வு மையம் என்று ஒன்றைத் தொடங்கினால் ஆறு லட்சம் ரூபாய் தருவதாகவும், அதில் ஆய்வையும் நிகழ்ச்சிகளையும் சேர்த்தே நடத்திக் கொள்ளலாம் என்றும் முன்வந்தது. பணம் உடனே கிடைக்கும். நிபந்தனைகள் மூன்று: மையத்துக்குக் குடும்பப் பெரியவர் ஒருவரின் பெயர், ஆலோசனைக் குழுவில் ஓர் இடம், அறிக்கை அச்சாகும் முன் பார்வைக்கு ஒரு பிரதி. கடைசி நிபந்தனையை எழுதியவர்கள் அதைக் கெட்ட எண்ணத்தோடு எழுதியதாக நான் நினைக்கவில்லை. கோயில் திருப்பணிக்குக் கொடுத்தாலும் பள்ளிக் கட்டடத்துக்குக் கொடுத்தாலும் கொடுத்தவர் ஒரு முறை வந்து பார்ப்பது இங்கே மரியாதை.

மூன்றாவது, வெளிநாட்டு அமைப்பு ஒன்றின் ஆர்வம். கல்லூரி வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு பெறவில்லை. பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் ஒன்று தன் கணக்கில் பெற்றுக் கல்லூரிக்கு மாற்றித் தருவதாகச் சொன்னது. 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பெற்ற வெளிநாட்டு நிதியை வேறொருவருக்கு மாற்றிக் கொடுப்பதற்கே தடை உள்ளது என்று கல்லூரியின் தணிக்கையாளர் சட்டப் பிரிவைக் காட்டி விளக்கினார். அந்தப் பேச்சு அன்றோடு முடிந்தது. அந்தத் தொண்டு நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் பணம் ஏதும் பெறாமல் வந்து வகுப்பெடுக்கலாம் என்பது மட்டும் ஏற்கப்பட்டது.

எடுத்த முடிவும் காரணங்களும்

கல்லூரிச் செயலர் அறக்கட்டளை நிதியை ஏற்பதையே முதலில் விரும்பினார். அவர் சொன்ன காரணங்களில் நியாயம் இருந்தது. மத்திய நிதி வர எத்தனை மாதமாகும் என்று தெரியாது; சுயநிதிப் பிரிவின் கட்டணத்திலிருந்து ஆய்வுக்கு எடுக்க மனமில்லை; உள்ளூர்க்காரர்களைப் பகைத்துக்கொண்டு ஒரு கல்லூரி நடக்க முடியாது. அதோடு, வெளியிலிருந்து நிதி பெற்ற ஆய்வுகளின் எண்ணிக்கை அடுத்த தர மதிப்பீட்டில் கணக்கில் வரும் என்று, கல்லூரியின் தரத்தைக் கவனிக்கும் அகத்தர உறுதிக் குழு நெருக்கிக்கொண்டிருந்தது.

பேராசிரியை எதிர்த்தது பணத்தை அல்ல. அறிக்கையை முன்கூட்டிப் பார்ப்பவர் கையில் எந்தத் தெரு, எந்தப் பட்டறை, எத்தனை பேர் கொண்ட குடும்பம் என்ற விவரமெல்லாம் போய்ச் சேரும். ஊர்ப் பெயரை எடுத்துவிட்டாலும், நாற்பது தறி கொண்ட பட்டறை, மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் செய்த கடன் என்ற இரண்டு வரியைப் படித்தாலே இங்கே உள்ளவருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும் என்பது அவர் வாதம். பேசியவருக்கு அடுத்த திங்கட்கிழமை தறி இருக்காது. இது நடக்கலாம் என்ற ஊகம் அல்ல என்பது கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

1993-ஆம் ஆண்டின் மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டம் தேசிய மனித உரிமை ஆணையத்தின் பணிகளைச் சொல்லும் 12-ஆவது பிரிவில், ஆய்வை ஓர் உட்பிரிவாகவும் மக்களிடையே உரிமை அறிவைப் பரப்புவதை அடுத்த உட்பிரிவாகவும் வைத்திருப்பதை அவர் எடுத்துக்காட்டி, இரண்டும் வேறு வேறு வேலை என்றால் இரண்டுக்கும் வேறு வேறு கணக்கு இருக்கட்டும் என்றார். விவாதம் அங்கிருந்து திரும்பியது. எடுக்கப்பட்ட முடிவு இதுதான். ஆய்வுக்கு மத்திய அமைப்பிடம் விண்ணப்பிப்பது. அது வரும்வரை கல்லூரியின் சொந்த ஆய்வு ஊக்கத் தொகையில் சிறிய அளவில் தொடங்குவது. ஆய்வுக் கணக்கில் தறி, நூல், சாயத் தொழிலோடு தொடர்புள்ள எவரிடமிருந்தும் ஒரு ரூபாயும் வாங்குவதில்லை. வளாக நிகழ்ச்சிகளுக்கு உள்ளூர் நன்கொடையை ஏற்பது; அதற்குத் தனி வங்கிக் கணக்கு, தனி ரசீதுப் புத்தகம். நன்கொடையாளர் எவருக்கும் அறிக்கையைத் திருத்தவோ நிறுத்தவோ உரிமையில்லை. ஆனால் அறிக்கை வெளியான பின் உரிமையாளர் தரப்பு தன் கருத்தை எழுதிக் கொடுத்தால், இரண்டாம் பதிப்பில் ஒரு வரி மாற்றாமல் பின்னிணைப்பாக அச்சிடப்படும்.

இவை ஒரே பக்கத்தில் எழுதப்பட்டு, செயலரும் முதல்வரும் ஆய்வாளர்களும் கையொப்பமிட்டார்கள். நீளமான கொள்கை ஆவணம் ஒன்று தயாரிக்கலாம் என்ற யோசனை கைவிடப்பட்டது சரியே. ஒரு பக்கம் என்பதால்தான் பின்னால் சர்ச்சை வந்தபோது எல்லோரும் அதை எடுத்துப் படித்தார்கள்.

அறக்கட்டளை ஆறு லட்சம் தருவதாகச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதன் அறங்காவலர்களில் ஒருவரான மூத்த தறி உரிமையாளர் மட்டும் சில வாரங்கள் கழித்துத் தனியாக வந்து, நிகழ்ச்சிக் கணக்குக்குத் தன் சொந்தப் பணத்தில் ஒரு தொகை கொடுத்தார். அவர் சொன்னதைப் பேராசிரியை குறித்து வைத்திருக்கிறார்: "பாக்கி குடுக்காட்டி ஆளு வர்றதில்லீங்க, குடுத்தா நிக்கிறதில்லீங்க. எங்க பக்கத்தையும் யாராச்சும் எழுதோணுமுங்க." ஆய்வுத் திட்டத்தில் உரிமையாளர் நேர்காணல்கள் தனிப் பகுதியாகச் சேர்ந்தது இதன் பிறகுதான்.

கையெழுத்தும் கூலிப் பட்டியலும்

கல்லூரியில் அதுவரை ஆய்வு நெறிமுறைக் குழு இல்லை. ஓய்வு பெற்ற நீதித்துறை அலுவலர் ஒருவர், அரசு மருத்துவர் ஒருவர், வேறு கல்லூரியின் பேராசிரியர் ஒருவர், ஆய்வில் சேராத எங்கள் ஆசிரியர் ஒருவர் என்று நால்வரைக் கொண்டு அது அமைக்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளை முன்மாதிரியாகக் கொண்டு ஒப்புதல் படிவம் தயாரானது. படிவத்தின் அடியில் கையொப்பம் அல்லது கைநாட்டு வைக்க இடம் விடப்பட்டிருந்தது.

அந்தப் படிவம் முதல் வாரத்திலேயே நின்றது. தறிக்குடியிருப்பு ஒன்றில் முதுகலை மாணவி ஒருவர் படிவத்தை நீட்டியதும், அதுவரை பேசிக்கொண்டிருந்த பெண் தார் (நாடாவில் வைக்கும் ஊடை நூல்) சுற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு, "அம்மணி, பேசறதுன்னா பேசறேன், கையெழுத்து மட்டும் கேக்காதே கண்ணு" என்றார். பாக்கி வாங்கும்போது இவர்கள் வெற்றுப் பிராமிசரி நோட்டிலும் எழுதப்படாத பத்திரத்தாளிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். தொகை என்ன எழுதப்பட்டது, யாரிடம் இருக்கிறது என்று பலருக்குத் தெரியாது. அவர்கள் வாழ்க்கையில் கையெழுத்து என்பது இன்னொருவர் பிடிக்குள் போவதற்கான வாசல். படித்த பெண் ஒருத்தி நல்ல நோக்கத்தோடு கேட்டாலும் அது மாறுவதில்லை. மாணவி அன்று மாலையே இதை எழுதிக் கொடுத்தார். நெறிமுறைக் குழு கூடி, படிவத்தை வாசித்துக் காட்டி, சாட்சி ஒருவர் முன்னிலையில் வாய்மொழியாக ஒப்புதல் பெற்று, நேர்காணல் செய்தவர் கையொப்பமிட்டால் போதும் என்று மாற்றியது.

ஒப்புதலில் தீர்ந்த சிக்கல் பணத்தில் திரும்ப வந்தது. தறியோட்டிக்கு மீட்டர் கணக்கில் கூலி. எங்களோடு உட்கார்ந்து பேசும் நேரம் அவருக்கு நெய்யாத மீட்டர். எனவே நேர்காணலுக்கு நானூறு ரூபாய் இழப்பீடு என்று முடிவானது. கல்லூரி அலுவலகத்தின் அக்விட்டன்ஸ் படிவத்தில், அதாவது பணம் பெற்றதற்கான ஒப்புகைப் பட்டியலில், வரிசை எண், பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், முகவரி, ஆதார் எண், தொகை, கையொப்பம் என்று கட்டங்கள் இருந்தன. அதை நிரப்பினால் யார் யார் எங்களிடம் பேசினார்கள் என்ற முழுப் பட்டியல் அலுவலக மேசையில் கிடக்கும். தணிக்கைக்குப் போகும், நகல் எடுக்கப்படும், நிர்வாகக் குழு உறுப்பினர் எவரும் கேட்டுப் பார்க்கலாம். அறிக்கையில் பெயரை மறைத்து, கணக்குப் புத்தகத்தில் பெயரை எழுதி வைப்பதால் என்ன பயன் என்ற கேள்விக்கு அலுவலகத்தில் விடை இல்லை. அலுவலகத்தில் யாரையும் சந்தேகிக்கக் காரணம் இருக்கவில்லை. ஆனால் அலுவலக உதவியாளர் ஒருவரின் மைத்துனர் பட்டறை வைத்திருப்பது இந்த ஊரில் இயல்பான விஷயம்.

அலுவலகக் கண்காணிப்பாளரின் நிலையும் தவறல்ல. பெயரில்லாத ரொக்கப் பட்டுவாடா என்பது எந்தக் கல்லூரியிலும் கையாடலுக்கு எளிய வழி. பொதுப் பணத்துக்குப் பொறுப்பு இருந்தே ஆக வேண்டும். இரண்டு நியாயங்கள் ஒன்றோடொன்று மோதிய இந்த இடத்தில்தான் மொத்தத் திட்டமும் ஏறத்தாழ ஒரு பருவம் தேங்கியது. மூன்று மாற்றுகள் பேசப்பட்டன. இழப்பீட்டையே கைவிடலாம் என்ற யோசனையை நெறிமுறைக் குழு ஏற்கவில்லை. ஏழையின் நேரத்தை இலவசமாக எடுத்துக்கொண்டு உழைப்புச் சுரண்டலை ஆராய்வது முறையல்ல என்று மருத்துவர் உறுதியாகச் சொன்னார். பெயர்ப் பட்டியலை முத்திரையிட்டு முதல்வர் அறை அலமாரியில் வைக்கலாம் என்றார்கள். அலமாரியின் சாவி யார் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்ததும் அதுவும் விடப்பட்டது.

இறுதியில் ஏற்கப்பட்ட முறையில், கூலிப் பட்டியலில் பெயருக்குப் பதிலாகக் குறியீட்டு எண், தேதி, தொகை மட்டும் எழுதப்பட்டன. ஒவ்வொரு பட்டுவாடாவுக்கும் குழுவில் இருவர் சாட்சிக் கையொப்பம் இட்டனர். நெறிமுறைக் குழுவின் வெளி உறுப்பினர் எந்த நாளில் வருவார் என்று முன்கூட்டிச் சொல்லாமல் களத்துக்கு வந்து, பணம் உரியவர் கைக்குச் சேர்வதை நேரில் பார்த்துச் சான்று கொடுத்தார். குறியீட்டையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் என்று ஒன்று உருவாக்கப்படவே இல்லை. தணிக்கையாளர் அந்தச் சான்றைக் கோப்பில் சேர்த்து, காரணத்தைத் தன் குறிப்பில் எழுதி ஏற்றார். இதை ஏற்கும்படி அவரை இணங்க வைத்தது எங்கள் வாதத்தைவிட, ஓய்வு பெற்ற நீதித்துறை அலுவலர் தம் பெயரில் பொறுப்பேற்று எழுதிய கடிதம் என்றே கருதுகிறேன்.

ஒரு குடும்பத்தின் வழக்கு

ஆடிப் பதினெட்டுக்குத் தறிகள் நின்ற நாட்களில் களப்பணி வேகம் பிடித்தது. தீபாவளிக்கு முன் போனஸ் பேச்சு தொடங்கிவிட்டால் இரு தரப்பும் வாய் திறக்காது என்பதால் அதற்குள் முடிக்கத் திட்டமிடப்பட்டது. கணவன், மனைவி இருவருமே தறியில் நிற்கும் குடும்பம் ஒன்று, மருத்துவச் செலவிலும் மகளின் திருமணத்திலும் ஏறிய பாக்கியோடு, அதே பட்டறையைவிட்டு நகர முடியாமல் இருப்பதாகச் சொன்னது. வேறு பட்டறைக்குப் போக முயன்றபோது, பாக்கியைக் கட்டாமல் எங்கும் சேர முடியாது என்று தெரிவிக்கப்பட்டதாகவும், புதிய இடத்துக்கும் தகவல் போய்விட்டதாகவும் கூறினார்கள்.

குழந்தை வேலையில் இருந்தாலோ, யாரையாவது அடைத்து வைத்திருந்தாலோ உடனே மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரிவிப்பது, மற்ற நேர்வுகளில் சம்பந்தப்பட்டவர் கேட்டால் மட்டுமே அடுத்த அடி வைப்பது என்று நெறிமுறைக் குழு முன்பே முடிவு செய்திருந்தது. அதன்படி குழு தானாகப் புகார் எழுதவில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்பதும், கொத்தடிமை நிலையிலிருந்து விடுவிக்கப்பட்டதற்கான விடுவிப்புச் சான்று கிடைத்தால் 2016-ஆம் ஆண்டு மத்தியத் திட்டத்தின்கீழ் மறுவாழ்வு உதவிக்கு வழி உண்டு என்பதும், இலவசச் சட்ட உதவியை எங்கே கேட்கலாம் என்பதும் வாசித்துக் காட்டப்பட்டன. உதவிப் பேராசிரியருக்கு இது போதவில்லை. கண்ணெதிரே ஒரு குற்றம் இருக்கும்போது குறிப்பெடுத்துக்கொண்டு எழுந்து வருவது ஆய்வாளனுக்குத் தகாது என்று அவர் வாதாடினார். அந்தக் கோபம் நேர்மையானது. ஆயினும், அவர்கள் கேட்காமல் புகார் கொடுத்தால் அன்றிரவு வீட்டைக் காலி செய்ய வேண்டியவர்கள் அவர்கள்தான், நாங்கள் அல்ல, குடியிருப்பும் பட்டறைக்காரருடையது. "தீவாளி போவட்டும் சார்" என்று கணவர் சொன்ன பிறகு குழு காத்திருந்தது.

நிகழ்ச்சிக் கணக்கும் ஆய்வுக் கணக்கும் பிரிந்திருந்ததன் பயன் இங்கே வெளிப்பட்டது. டிசம்பர் 10-ஆம் தேதிக் கூட்டத்தை உறுதிமொழியோடு முடித்துவிடாமல், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர்களை அழைத்துக் கல்லூரி வளாகத்தில் பொதுச் சட்ட உதவி முகாமாக நடத்த மன்றம் முடிவு செய்தது. பட்டா, முதியோர் உதவித்தொகை, குடும்பத் தகராறு, கடன் என்று எதைப் பற்றியும் கேட்கலாம். செலவு முழுவதும் நிகழ்ச்சிக் கணக்கிலிருந்து. அதில் பெரும்பகுதி அந்த மூத்த தறி உரிமையாளர் கொடுத்தது. ஊரே வந்து போகும் இடத்தில் ஒரு தறித் தொழிலாளி வந்து நிற்பதை யாரும் ஆய்வோடு முடிச்சுப் போட முடியாது. அந்தக் கணவனும் மனைவியும் மதியத்துக்கு மேல் வந்து வரிசையில் அமர்ந்தார்கள்.

அவர்களின் மனு வருவாய்க் கோட்ட அலுவலகத்துக்குப் போனது. விசாரித்த அலுவலர், இவர்கள் கடைவீதிக்குப் போய் வருகிறார்கள், பிள்ளை பள்ளிக்குப் போகிறது, அடைத்து வைக்கவில்லை, எனவே கொத்தடிமை முறை இல்லை என்று எழுதினார். விடுவிப்புச் சான்று கிடைக்கவில்லை. சட்டம் சொல்லும் வரையறைக்கு இந்தக் காரணம் பொருந்தாது என்று வழக்கறிஞர் எழுத்தில் தெரிவித்தும் பலனில்லை. சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் சமரசப் பேச்சில் பட்டறை உரிமையாளர் பாக்கியில் பாதிக்கு மேல் தள்ளுபடி செய்து, கையெழுத்திட்ட நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார். குடும்பம் பொங்கலுக்குப் பின் சங்ககிரிப் பக்கம் வேறு பட்டறைக்குப் போனது. உரிமைப்படி கிடைக்க வேண்டியது கிடைக்காமல், இணக்கத்தால் கிடைத்ததோடு அவர்கள் திருப்தியடைந்தார்கள். எனக்கு இன்றும் அதில் வருத்தம் உண்டு.

நிதியின் பின்கதை

மத்திய அமைப்பின் முதல் தவணை வந்து சேர்ந்தபோது களப்பணியில் பாதி முடிந்திருந்தது. இரண்டாவது தவணை பயன்பாட்டுச் சான்றிதழில் ஒரு செலவுத் தலைப்பு மாறியிருந்ததால் திரும்பி வந்து, மறுபடி அனுப்பப்பட்டுத் தாமதமாயிற்று. இடைப்பட்ட மாதங்களில் களப் பணியாளர் இருவருக்கு ஊதியம் கொடுக்கக் கல்லூரியின் ஊக்கத் தொகையே கைகொடுத்தது. இறுதிக் கணக்கில் நேர்காணல் இழப்பீட்டுத் தொகையை அமைப்பு அனுமதிக்கவில்லை. பெயரில்லாப் பட்டியல் என்பது அதற்குக் காரணமாகச் சொல்லப்படவில்லை; ஒப்பளிக்கப்பட்ட வரவு செலவுத் தலைப்புகளில் அப்படி ஒன்று இல்லை என்பதே காரணம். செயலர் அந்தத் தொகையைக் கல்லூரிப் பணத்திலிருந்து ஈடு செய்ய நிர்வாகக் குழுவில் தாமே தீர்மானம் கொண்டுவந்தார். தொடக்கத்தில் வேறு நிலையில் இருந்தவர் அவர் என்பதால் இதைக் குறிப்பிடுவது கடமை.

அறிக்கை வெளியானபோது உரிமையாளர் தரப்பில் கோபம் எழுந்தது. கல்லூரியே தொழிலைக் கெடுக்கிறது என்று பேசப்பட்டது; நிர்வாகக் குழுவில் விநியோகத்தை நிறுத்தும் தீர்மானம் முன்வைக்கப்பட்டது. முதல்வர் அந்த ஒரு பக்க ஆவணத்தை வாசித்தார். தீர்மானம் வாக்கெடுப்புக்கு வராமலேயே போனது. ஆவணத்தில் சொல்லியபடி உரிமையாளர்களிடம் பதில் கேட்கப்பட்டது. அவர்கள் எழுதிக் கொடுத்த பதில் தரமானது. நூல் விலை நாளுக்கு நாள் மாறுவது, கூலிக்கு நெய்யும் சிறு பட்டறைக்காரர் தாமே வியாபாரியிடம் முன்பணம் வாங்கிச் சிக்கியிருப்பது, பாக்கி வாங்கிக்கொண்டு இரவோடிரவாகப் போய்விட்டவர்களால் ஏற்பட்ட இழப்பு எல்லாவற்றையும் அது விவரித்தது. இரண்டாம் பதிப்பில் அது முழுமையாக அச்சாகி, அறிக்கையின் முடிவுகளை மறுக்கும் இடங்களிலும் அப்படியே விடப்பட்டது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் பாக்கி என்பது தனிமனிதக் கொடுமை என்ற அளவில் நிற்காமல், நூல் வியாபாரி தொடங்கித் தார் சுற்றும் பெண் வரை நீளும் ஒரு கடன் தொடர் என்று விளங்குகிறது.

மாணவர்களுக்குள் ஏற்பட்ட உரசலைப் பற்றிக் கொஞ்சமாவது சொல்ல வேண்டும். களப்பணிக்குச் சென்ற மாணவர்களில் ஒருவர் பட்டறை உரிமையாளரின் மகள். தன் உறவினர் பட்டறைகள் உள்ள பகுதிக்குத் தாம் போவதில்லை என்று அவரே எழுதிக் கொடுத்து, உரிமையாளர் நேர்காணல்களில் மட்டும் பங்கேற்றார். இப்படி முன்கூட்டி அறிவிக்க எல்லோரிடமும் கேட்கும் முறை அதன் பிறகு கல்லூரியில் நிலைத்தது.

அடுத்த முறைக்கான மாற்றங்கள்

இரண்டாம் முன்மொழிவு இப்போது தயாராகி வருகிறது. அதில் பங்கேற்பாளர் நேர இழப்பீடு என்ற தலைப்பு வரவு செலவுத் திட்டத்திலேயே தனியாகக் காட்டப்பட்டு, குறியீட்டுப் பட்டியல் முறையும் நெறிமுறைக் குழுச் சான்றும் விண்ணப்பத்தோடு இணைக்கப்படுகின்றன. நிதி தரும் அமைப்பு இதை ஏற்காவிட்டால் பணம் வாங்கும் முன்பே தெரிந்துவிடும். தணிக்கையாளரும் கண்காணிப்பாளரும் முதல் கூட்டத்திலேயே அழைக்கப்படுகிறார்கள். தவணை தாமதமானால் களப் பணியாளர் ஊதியம் நிற்காதபடி ஆறு மாதத் தொகையைக் கல்லூரி தனியாக ஒதுக்க வேண்டும் என்ற கோரிக்கை நிர்வாகக் குழுவின் பரிசீலனையில் உள்ளது; சுயநிதிப் பிரிவினர் இதற்கு இன்னும் இணங்கவில்லை.

களப்பணி முடிந்த பிறகும் பேசியவர்களுக்குத் துணை நிற்க ஓராண்டுக்குச் சட்ட உதவித் தொடர்பாளர் ஒருவர் தேவை. ஆய்வு நிதியில் அதற்கு வழியில்லாததால் நிகழ்ச்சிக் கணக்கில் வைக்கப்படுகிறது. மாவட்ட நிர்வாகத்தோடு வேறொரு பேச்சும் தொடங்கியுள்ளது. 2016-ஆம் ஆண்டு மத்தியத் திட்டம் கொத்தடிமைக் கணக்கெடுப்புக்கு மாவட்டம் ஒன்றுக்கு 4.50 லட்சம் ரூபாய் வரை வழங்க இடமளித்தது. அத்தகைய கணக்கெடுப்பில் கல்லூரி பங்கேற்பதா என்பதில் குழுவுக்குள் இரு கருத்துகள் உள்ளன. அரசுக் கணக்கெடுப்பில் பெயரும் முகவரியும் எழுதாமல் விடுவிப்புச் சான்று கிடைக்காது. எங்கள் ஆய்விலோ பெயர் எழுதுவதில்லை என்று வாக்குக் கொடுத்தே வீடுகளுக்குள் நுழைந்தோம். இரண்டையும் ஒரே மாணவர்கள், ஒரே தெருவில் செய்ய முடியாது என்பது பேராசிரியையின் நிலை. வேறு துறை மாணவர்களைக் கொண்டு, ஆய்வு நடக்காத வட்டத்தில் மட்டும் கணக்கெடுப்பில் சேரலாம் என்று உதவிப் பேராசிரியர் எழுதிக் கொடுத்த மாற்று யோசனை நெறிமுறைக் குழுவின் அடுத்த கூட்டத்துக்கு வைக்கப்பட்டிருக்கிறது.